ஆசிரியர் குழுவில் பகிரும் கோப்புகளைப் பொருள் ஒப்புமை பார்த்துத் தேட முடியுமா?

முடியும். பாடக்குறிப்புகளும் செயல்பாட்டுத் தாள்களும் மலைபோல் குவிந்திருக்கின்றன, தேடினால் ஒன்றும் சிக்குவதில்லை என்கிறீர்கள். எங்கள் அறிவியல் ஆசிரியர் குழுவுக்கு இதைச் செய்து கொடுத்தவன் நான். தேடல் சுலபம், கோப்புகளைத் தேடத் தகுந்தவையாக மாற்றுவதற்குள்தான் முதுகு ஒடிந்தது.

சாதாரணத் தேடல் எழுத்தை மட்டுமே பார்க்கும். ‘மரம்’ என்று தட்டினால் ‘மரத்தில்’ அகப்படாது. ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடுபவருக்கு, ‘தாவரம் உணவு தயாரிக்கும் விதம்’ என்று தலைப்பிட்ட தாள் கிடைக்கவே கிடைக்காது. ஒப்புமைத் தேடலில் ஒவ்வொரு பத்தியும் எண்களின் வரிசையாக மாறுகிறது. பொருள் நெருங்கினால் வரிசைகளும் நெருங்கும். இப்படி எண்களாக மாற்றித் தர, கூகுள் 2020இல் வெளியிட்ட எல்ஏபிஎஸ்இ (LaBSE) என்ற மொழி மாதிரியைப் பயன்படுத்துகிறேன். அது கையாளும் 109 மொழிகளில் தமிழும் உண்டு. ஒரு பத்திக்கு 768 எண்கள். அதற்கு முன் ‘ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள்’ என்று போட்டிருந்த வேறொன்றை எடுத்தேன். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன்! நீளமான கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள். முன்பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். பத்தி பத்தியாகப் பிரித்துக் கொடுங்கள்.

முதுகு ஒடிந்த கதைக்கு வருகிறேன். பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் ‘அம்மா’ என்று தெரியும்; கணினிக்கோ அது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எல்லாவற்றையும், தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினோம். பிறகு பார்த்தால், ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட்டிருந்தார்கள். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. அதையும் ஒருசீராக்கினோம். படமாக எடுத்துப் போட்ட பக்கங்களை, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் கொண்டு எழுத்தாக்கினோம். பிழை திருத்தக் கைதான் வேண்டியிருந்தது. மாணவர் பெயரோடு மதிப்பெண் பட்டியல்களும் கலந்திருக்கும், அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். சில ஆயிரம் கோப்புகளுக்குத் தனிச் சேவையகமெல்லாம் வேண்டாம், மடிக்கணினி போதும்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று. ஒப்புமை மிக அதிகமாக வந்தவற்றை நகல் என்று எண்ணி நீக்கினேன். இலையில் ஸ்டார்ச் சோதனை பற்றி இரு ஆசிரியைகள் ஏறக்குறைய ஒரே தாளைத் தயாரித்திருந்தார்கள். ஒன்றை நீக்கினேன். மறுநாளே அதை எழுதியவர் கேட்டார்: “என் தாளில் கடைசி வரியைப் படித்தீர்களா, சார்?” ஆய்வகத்தில் அயோடின் தீர்ந்துவிட்டால், மருந்துக்கடையில் புண்ணுக்கு வாங்கும் போவிடோன் அயோடினை நீர்த்துப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு அது. மற்றத் தாளில் அது இல்லை. அதில் இருந்தது, ஆல்கஹாலை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கும் படம்.

இப்போது எதையும் நீக்குவதில்லை. ஒத்த தாள்களை எழுதியவர் பெயரோடு அருகருகே காட்டுகிறேன். அந்த இருவரும் இந்த ஆண்டுத் தாளைச் சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள். குறிப்பும் இருக்கிறது, படமும் இருக்கிறது.