மெயின் ரோட்டை நகராட்சி ஏற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஊர் நடுவே போகும் மெயின் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கிறது. அதை நகராட்சியே வாங்கிப் பராமரிக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கும் ஊர்களில் கேட்கப்படும் கேள்விகள் இவை.

இப்போது மாநிலம்தான் செலவு செய்கிறது. அந்தச் சுமையை நாம் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

முடிவெடுக்கும் உரிமைக்காக. வேறு காரணம் எதுவும் போதாது. துறைக்கு அது இரண்டு ஊர்களை இணைக்கும் பாதை, வண்டிகள் தடையில்லாமல் ஓட வேண்டும். உங்களுக்கு அது கடைவீதி. குறுக்கே கடக்க ஒரு கோடு, நிழலுக்கு ஒரு மரம், அகலமான நடைபாதை என எதைக் கேட்டாலும் நெடுஞ்சாலை விதி குறுக்கே நிற்கும். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020இல் சாலைப் பாதுகாப்பு பற்றிய உலக மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. பெரும்பாலும் சாலை யாருடையதோ அவர்தான் அதைச் செய்ய முடியும். வீதியில் எதையும் மாற்றும் எண்ணம் ஊருக்கு இல்லையென்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

புதிதாகத் தார் போட்டுத் தருவதாகத் துறை சொல்கிறது. சரி என்று சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். தார் என்பது மேல்தோல். சாலை கெடுவது பெரும்பாலும் கீழிருந்துதான், அதற்குக் காரணம் தண்ணீர். விரிசல் வழியே இறங்கும் நீர் ஜல்லி அடுக்கை இளக்கிவிடும். அதன்மேல் எத்தனை அழகாகத் தார் போட்டாலும் சில மழைக்குள் அதே இடத்தில் குழி விழும்.

எனவே கைமாறும் முன் சில இடங்களில் துளையிட்டு மாதிரி எடுத்து, ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு கனம், எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மழைநீர் வடிகாலுக்குள் கேமரா விட்டுப் பாருங்கள். வடிகாலைப் புதுப்பிக்கும் செலவு தார் போடும் செலவைவிடப் பல மடங்கு ஆகலாம். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஊர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போடுகிறார்களா என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால் சாலை உயர்ந்துகொண்டே போகும். நடைபாதைக் கல் மறையும், அப்புறம் மழைத்தண்ணீர் கடைக்குள் வரும்.

லாரிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. பராமரிப்பு கட்டுப்படியாகுமா?

லாரிகளை மாற்றுப்பாதையில் விட முடியாவிட்டால் கடினம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து, பல்வேறு எடையில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சக்கர அச்சின் மேல் விழும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. கார்கள் எத்தனை போனாலும் சாலைக்குப் பெரிய சேதமில்லை. அதனால் புறவழிச்சாலை இருக்கிறதா, கனரக வண்டிகளை அதில் திருப்பும் அதிகாரம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

மாநிலம் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டது. வரைபட வேலையைத் தொடங்கலாமா?

எழுத்தில் முழுவதும் முடியும்வரை வேண்டாம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரம் பிராட்வே என்ற தன் முக்கிய வீதியை மாநிலத்திடமிருந்து பெறுவதாக இருந்தது. வண்டித்தடங்களைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்தத் திட்டம். 2017இல் வாக்காளர்கள் 4.2 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கும் ஒப்புதல் தந்தார்கள். தடங்களைக் குறைப்பதை மாநிலம் விரும்பவில்லை. 2022 ஜனவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையம், வீதியை ஒப்படைக்கும் முடிவைத் திரும்பப் பெற்றது. எழுத்து முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தெருவிளக்கும் சிக்னலும் யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பாலம் ஏதும் இருந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் மாநிலத்திடமே விட்டுவிடுங்கள்.

புதுச் சாலை போட்ட மறுமாதமே தோண்டிவிடுகிறார்கள். நகராட்சி கைக்கு வந்தால் இது நிற்குமா?

தானாக நிற்காது. ஆனால் நிறுத்தும் வாய்ப்பு கிடைக்கும். குடிநீர்க் குழாயும் சாலையும் ஒரே அலுவலகத்தின் கீழ் வந்தால், குழாய் வேலையை முடித்த பிறகே தார் போடலாம். புதிய சாலையைச் சில ஆண்டுகளுக்குத் தோண்டக் கூடாது என்று விதி போடலாம். உடைப்பு ஏற்பட்டுத் தோண்டியே ஆக வேண்டுமென்றால், மண்ணை மொத்தமாகக் கொட்டி மூடக் கூடாது. மெல்லிய அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். இதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் நகராட்சியில் இருக்கிறாரா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.