ஐபி முகவரி: கேட்டவர்களுக்குப் பதில்

பனியன் கம்பெனி, தறிப்பட்டறை, கடை, வீடு என்று நம் வட்டாரத்தில் நெட்வொர்க்கைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கோவை, கல்லூரி மாணவி: அண்ணா, ஏ முதல் இ வரை வகுப்பு பிரிப்பதைப் புரியும்படி சொல்லுங்க.

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். அதன் நான்காம் பதிப்பான ஐபிவி4-இல் அது 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கம். எட்டெட்டாகப் பிரித்து, 0 முதல் 255 வரையான நான்கு எண்களாக எழுதுகிறோம். வகுப்பைச் சொல்ல முதல் எண் போதும்மா. 1–126 ஏ, 128–191 பி, 192–223 சி. 224–239 டி, அது மல்டிகாஸ்டுக்கு, அதாவது ஒரே செய்தியைப் பல கருவிக்கு ஒருசேர அனுப்புவதற்கு. 240–255 இ, ஒதுக்கி வைத்தது. 127 விடுபட்டதற்குக் காரணம், கணினி தன்னோடு தானே பேசுவதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஏ வகுப்பில் முதல் 8 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 24 கருவிகளுக்கு. பி-யில் 16, 16. சி-யில் 24, 8. ஆகவே ஒரு சி நெட்வொர்க்கில் 256 முகவரி. முதலாவது நெட்வொர்க்கின் பெயர், கடைசி பிராட்காஸ்ட், அதாவது அந்த நெட்வொர்க்கில் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி. கருவிகளுக்கு 254 கிடைக்கும். பி-யில் 65,534, ஏ-யில் 1,67,77,214.

பரீட்சைக்கு இதை எழுதுங்க. ஆனால் 1993-இல், வகுப்பு இல்லாமல் முகவரியைப் பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்தபின் இணையம் வகுப்பைப் பார்த்து நடப்பதில்லை. 300 கருவிக்கு சி பற்றாது என்று பி கொடுத்தால் அறுபத்தைந்தாயிரம் முகவரி வீண். அதனால்தான் நெட்வொர்க் பகுதி எங்கே முடிந்து கருவிப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை முகவரியோடு தரும் சப்நெட் மாஸ்க் என்ற எண் முடிவு செய்கிறது.

திருப்பூர், பனியன் கம்பெனி: கணினி, பிரிண்டர், கேமரா, போன் எல்லாம் சேர்ந்து 254-ஐத் தாண்டுதுங்க. புதுசா எதுக்கும் ஐபி கிடைக்க மாட்டேங்குது.

மாஸ்க்கை 255.255.255.0-இலிருந்து 255.255.254.0 ஆக்குங்க, அதாவது நெட்வொர்க்குக்கு 24 பிட் என்ற /24 போய் 23 பிட் என்ற /23. இப்போது 192.168.1.0 என்றால் இனி 192.168.0.1 முதல் 192.168.1.254 வரை ஒரே நெட்வொர்க், 510 கருவி. பழைய முகவரி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பிசகு வருவது இங்கேதான்: ரூட்டரில் மாற்றிவிட்டு, கையால் ஐபி போட்ட பிரிண்டரையும் கேமராவையும் மறந்துவிடுவார்கள். பழைய மாஸ்க்கோடு இருக்கும் பிரிண்டர், 192.168.0.50 வெளி நெட்வொர்க் என்று நினைத்து பதிலை ரூட்டருக்கு அனுப்பும். பிரிண்ட் சில கணினிக்கு வரும், சிலதுக்கு வராது. ஆகவே முதலில் கையால் போட்டவற்றின் பட்டியல் எடுத்து அவற்றிலும் மாஸ்க்கை மாற்றுங்க.

பல்லடம், தறிப்பட்டறை: கேமரா ரெக்கார்டருக்கு போர்ட் ஃபார்வர்டிங் செஞ்சும் வெளியிலிருந்து தெரியலீங்க.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் உள்ளே இருக்கும் ஒரு கருவிக்கு அனுப்பிவைப்பது. முதலில் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இணையப் பக்கத்தில் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி, என்ன என்று பாருங்க. 10-இல் தொடங்கினால், 172.16 முதல் 172.31-க்குள் இருந்தால், அல்லது 192.168 என்றால் அது தனி முகவரி. இணையத்தில் யாரும் அங்கே வர முடியாது. 100.64 முதல் 100.127-க்குள் என்றால், இணையம் தருபவர் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்கிறார். ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்ததால் வந்த ஏற்பாடு அது. உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், அவர்களுடைய கருவியில் தடை நிற்கும்.

வழி இரண்டு: மாதக் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி கேளுங்க, இல்லை ரெக்கார்டரின் கிளவுட் வசதியைப் பயன்படுத்துங்க. பொது ஐபி கிடைத்தால், கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் போர்ட்டைத் திறக்கவே வேண்டாம்.

ஈரோடு, ஜவுளிக்கடை: ஏனுங்க, பில் போடும் கணினியில் 169.254 என்று ஏதோ ஐபி காட்டுது?

முகவரியைத் தானாக வழங்கும் ரூட்டரின் டிஹெச்சிபி-யிடம் கேட்டுக் கிடைக்காததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. கேபிள், ஸ்விட்ச், ரூட்டர் என்று அந்த வரிசையில் பாருங்க.

கரூர்: பிரிண்டர் அடிக்கடி ஆஃப்லைன் ஆகுது, ஐபி கான்ஃபிளிக்ட்டா இருக்குமா?

பிரிண்டரை அணைத்துவிட்டு, இன்னொரு கணினியிலிருந்து அதன் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்க. அப்போதும் பதில் வந்தால் வேறொரு கருவி அதே எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ரூட்டர் தானாக வழங்கும் முகவரியின் கடைசி எண்ணுக்கு எல்லையை 100–200 என்று வைத்துக்கொண்டு, கையால் போடுவதை 10–50-க்குள் வையுங்க. எந்த எண் எந்தக் கருவிக்கு என்று ஒரு தாளில் எழுதி ரூட்டர் பக்கத்தில் ஒட்டுங்க.

பொள்ளாச்சி: ஐபிவி6 வந்தால் இந்த வேலையெல்லாம் குறையுமா?

128 பிட் என்பதால் பகிர வேண்டிய தேவை போய்விடும். ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும். ஆனால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை வைக்கும் நாட் முறையின் மறைவில் இருந்த கேமரா நேரடியாக வெளியே தெரியலாம். ஆகவே ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஐபிவி6-ஐ இயக்குங்க.