கையைப் பாருங்கள்!

கேள்வி: வெளிநாட்டு வேலைக்கு பைப் வெல்டர்களை அனுப்புகிறோம். நேர்காணலில் அசத்துபவர்கள் அங்கே போய்ச் சொதப்புகிறார்களே?

பதில்: பேச வைத்தால் பேச்சில் தேறியவர்தான் கிடைப்பார். வேலை கொடுத்துப் பாருங்கள். 6ஜி சோதனைதான் சரி: குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி, சுற்றிலும் பற்றவைக்கச் சொல்லுங்கள். குழாயைத் திருப்ப விடாதீர்கள். ரூட் எனப்படும் முதல் அடுக்கு முடிந்ததும் நிறுத்தி, உட்புறத்தில் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வெளியே பளபளத்தாலும், உள்ளே உலோகம் ஊடுருவாத இடம் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பாக அடிப்பக்கம், உருகிய உலோகம் அங்கே கீழ்நோக்கித் தொங்கும், உள்பக்கம் குழி விழும்.

தேர்ந்தவரின் பழக்கம் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) அடிக்கும் முன்பே தெரியும். விளிம்பைத் தேய்த்துத் துரு நீக்குவார், இணைக்கும் இரு குழாய்த் துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளப்பார். அவசரக்காரர் நேரே ஆரம்பித்துவிடுவார்.

ஆள்மாறாட்டமும் உண்டு. பாஸ்போர்ட் படத்தை ஒப்பிட்டு, சோதனைக்கு வந்தவரின் தேர்வு எண்ணைச் சோதனைத் துண்டிலேயே குத்திவிடுங்கள்.