கியூஎமுவை கில் பண்ணுவது மின்வெட்டுச் சோதனை ஆகாது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகச் சொந்தமாக ஒரு சின்ன ஓஎஸ் எழுதுகிறேன், ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னலும் (மாற்றங்களை முதலில் தனியாகக் குறித்துவைக்கும் இடம்) இருக்கிறது. கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓடவிட்டு, இடையில் கில் -9 அடித்து அதைச் சட்டென்று நிறுத்தி, திரும்ப பூட் பண்ணிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஒரு டைரக்டரியே குப்பையாகிவிட்டது. ஏன்?

தம்பி, உங்கள் ஜர்னலில் எங்கேயோ ஒரு ஃப்ளஷ் (கேஷில் இருப்பதை நிரந்தரமாக எழுதி முடி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் கட்டளை) விடுபட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இரவு முழுக்க ஓடிய அந்த ஸ்கிரிப்டால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கில் அடித்தால் சாவது கியூஎமு மட்டும்தான். அதுவரை அது டிஸ்க் இமேஜில் எழுதியதெல்லாம் உங்கள் லேப்டாப் லினக்ஸின் பேஜ் கேஷில், அதாவது அதன் மெமரியில், பத்திரமாக இருக்கும். நிஜ டிஸ்க் அப்படியில்லை, எழுதியாகிவிட்டது என்று பதில் சொன்ன பிளாக்குகளையும் தன் உள் கேஷில் வைத்திருக்கும், ஃப்ளஷ் வரும்வரை எதை முதலில் எழுதும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜர்னல் பதிவு முழுமையாகிவிட்டது என்று சொல்லும் கமிட் பிளாக் மட்டும் போய்ச் சேர்ந்து, அதற்குரிய ஜர்னல் டேட்டா போகாமல் கரண்ட் நின்றால், திரும்ப பூட் ஆகும்போது ஜர்னலை ரீப்ளே செய்யும் (உரிய இடங்களில் மறுபடி எழுதும்) உங்கள் ரிகவரி, குப்பையை நம்பி டைரக்டரியின் மேல் எழுதிவிடும்.

அதனால் முதலில் கோடைத் திறந்து வரிசையைப் பாருங்கள்: ஜர்னல் டேட்டா, ஃப்ளஷ், கமிட் பிளாக், ஃப்ளஷ், அதன்பிறகே எஃப்சிங்க் (ஃபைல் டிஸ்க்கில் பத்திரமாகும்வரை காத்திருக்கும் அழைப்பு) திரும்ப வேண்டும். அப்புறம் உரிய இடத்தில் எழுதி, இன்னொரு ஃப்ளஷ் முடிந்த பிறகுதான் அந்த ஜர்னல் இடத்தை விடுவிக்கலாம். இந்தக் கடைசி ஃப்ளஷைத்தான் பலர் மறப்பார்கள்.

சரி, சோதனை. லினக்ஸில் டிஎம்-லாக்-ரைட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் (ரைட்) ஃப்ளஷையும் வரிசையாகப் பதிவு செய்யும். அதே வடிவத்தில் பதிவு செய்யும் டிரைவர் கியூஎமுவிலும் உண்டு, உங்களுக்கு அதுவே போதும். பதிவை எடுத்து, இரண்டு ஃப்ளஷ்களுக்கு நடுவில் உள்ள எழுத்துகளில் சிலதை மட்டும் போட்டு ஒரு இமேஜ் செய்யுங்கள், அதுதான் கரண்ட் போன டிஸ்க். நடுவில் 10 எழுத்துகள் இருந்தால் 1024 சேர்க்கைகள், எல்லாவற்றையும் ஓட்டலாம். நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றை மட்டும் வைத்தும் பாருங்கள், மிச்சத்துக்கு ராண்டம். 4096 பைட் பிளாக்கில் முதல் 512 மட்டும் போன நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிட் பதிவில் செக்சம் (டேட்டா சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் எண்) வைப்பது இதற்காகத்தான்.

பெரிய வேலைச்சுமை எதுவும் தேவையில்லை. 2018இல் வந்த கிராஷ்மங்கி ஆய்வு, லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் பதிவான இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை புதிய ஃபைல் சிஸ்டத்தில் மூன்றோ அதற்குக் குறைவோ செயல்களிலேயே தெரிந்துவிடும் என்று காட்டியது. க்ரியேட், ரீநேம், எஃப்சிங்க் என்று சின்னச் சின்னச் சேர்க்கைகளாக ஓட்டுங்கள்.

மவுன்ட் ஆகிறது, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் அமைதியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. காலியான ஃபைல் சிஸ்டமும் எஃப்எஸ்செக்கில் பாஸ் ஆகும்! எஃப்சிங்க் திரும்பிய பிறகு அந்த ஃபைல் இருந்தே ஆகவேண்டும், ரீநேம் என்றால் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கவேண்டும். எஃப்சிங்க் எப்போது முடிந்தது என்று பதிவில் தெரிய, டிஸ்க்கின் கடைசியில் ஒரு செக்டரை ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் அதில் ஒரு எண்ணை நேரடியாக எழுதுங்கள், இமேஜ் செய்யும்போது அந்த எழுத்தை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு புது ஃபைலை உருவாக்கி அழித்தும் பாருங்கள், எந்த பிளாக் காலி என்று குறிக்கும் பிட்மேப்பின் கோளாறு அங்கேதான் வெளியே வரும்.

ரிகவரி ஓடும்போதே மறுபடி கரண்ட் போகலாம், கொழும்பில் இருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரிகவரி எழுதுவதையும் பதிவு செய்து, அதையும் இதேபோல வெட்டிப் பாருங்கள். எத்தனை தடவை ரீப்ளே செய்தாலும் முடிவு ஒன்றாகவே வரவேண்டும்.

இவை எல்லாம் பாஸ் ஆன பிறகு பழைய டெஸ்க்டாப்பின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சில மலிவான டிரைவ்கள் ஃப்ளஷ் முடியாமலேயே முடிந்தது என்று பதில் சொல்லும், அதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.