‘சமாளிச்சுக்கிறேன்’ என்று நீதிபதியிடம் சொல்லாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. நியூ ஜெர்சியில் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடையில் மேனேஜராக இருந்தார். முதுகில் அறுவை சிகிச்சை செய்தும் வலி தீரவில்லை, இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டிக்கு (உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) விண்ணப்பித்தோம், இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். இப்போது நீதிபதி விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் சுமார்தான். எப்படித் தயாராவது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். இது சினிமா கோர்ட் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது, பார்வையாளர்கள் கிடையாது. நீதிபதி, உங்கள் கணவர், பெரும்பாலும் வேலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒரு தொழில் நிபுணர், சில சமயம் ஒரு மருத்துவர், அவ்வளவுதான். உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுப்பார்கள், எல்லாம் பதிவாகும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போனிலோ வீடியோவிலோ நடப்பதும் உண்டு.

அந்த நேரத்தில் நம் ஆட்கள் தோற்கும் இடம் ஒன்று உண்டு. “வீட்டில் சமைப்பீர்களா?” என்று நீதிபதி கேட்பார். “சமைப்பேன்” என்று பதில் வரும். “வலி எப்படி இருக்கிறது?” “பரவாயில்லை, சமாளிச்சுக்கிறேன்.” வலியைக் காட்டிக்கொள்ளாமல் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் பதிவில் ஏறுவது ‘சமைக்கிறார், சமாளிக்கிறார்’ என்பதுதான். நடப்பது என்ன? நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார், பத்து நிமிடத்தில் எழுந்து போய்ப் படுப்பார், மீதியை நீங்கள் செய்வீர்கள். அப்படியே சொல்ல வேண்டும். மிகைப்படுத்தவும் கூடாது. “ஒன்றுமே செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டு, கோப்பில் ‘தினமும் நடைப்பயிற்சி போகிறார்’ என்று டாக்டர் எழுதியிருந்தால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது.

நீதிபதிக்கு நோயின் பெயரை விட முக்கியம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் இவரால் என்ன முடியும் என்பது. அதனால் பதில் அளவாக வரட்டும். எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்கார முடியும்? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஒரு கேலன் பால் கேன் எட்டரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அதை ஒரு கையால் தூக்குவாரா, இரண்டு கையும் வேண்டுமா? பகலில் எத்தனை முறை படுக்கிறார்? மாதத்தில் எத்தனை நாள் எழவே முடியாமல் போகிறது? இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், நினைவு தெளிய உதவும்.

அடுத்தது அந்த ‘மேனேஜர்’ என்ற சொல். கவனம். கல்லாவில் நின்றது, கூலரில் பால் பெட்டி அடுக்கியது, தரை துடைத்தது எல்லாம் இவர்தானே? வெறுமனே மேனேஜர் என்றால், உட்கார்ந்து செய்யும் வேறு வேலைக்கு எடுத்துப்போகக்கூடிய திறன் இவரிடம் இருக்கிறது என்று தொழில் நிபுணர் சொல்லக்கூடும். உங்கள் வழக்கில் அது பெரிய சேதம். ஏனென்றால் 50 வயதைத் தாண்டியவருக்கு விதி கொஞ்சம் இளகுகிறது. பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும், எடுத்துப்போகும் திறனும் இல்லை என்று ஆனால், பள்ளிப் படிப்போடு நின்றவருக்குப் பொதுவாகத் தீர்ப்பு சாதகமாகவே வர வேண்டும். அதே ஆள் நாளில் ஆறு மணி நேரம் நின்று 20 பவுண்டு வரை தூக்கும் ‘இலகு’ வேலைக்குத் தகுதி என்றால், பெரும்பாலும் மறுப்புதான். எனவே எவ்வளவு எடை தூக்கினார், எவ்வளவு நேரம் நின்றார், ஆள் எடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதை உள்ளபடி சொல்லட்டும். 2024 ஜூன் முதல் கடந்த 5 வருட வேலைகளைத்தான் பார்க்கிறார்கள், முன்பு 15 வருடம். (ஆங்கிலம் தெரியாதது தனிச் சாதகம் என்று சிலர் சொல்வார்கள். அந்த விதி 2020-லேயே போய்விட்டது.)

மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள். இலவசம்தான். விசாரணை அலுவலகத்துக்கு இப்போதே தெரிவியுங்கள். நீங்களே மொழிபெயர்க்கலாம் என்று எண்ண வேண்டாம், உங்களைச் சாட்சியாகப் பேசவைப்பதுதான் பயன். கேள்வி ஆங்கிலத்தில் புரிந்தாலும் அவர் முழுக்கத் தமிழிலேயே பதில் சொல்லட்டும். பாதிப் பாதியாகப் பேசினால் முக்கியமான விவரம் நடுவில் விழுந்துவிடும்.

இனி காகிதம். விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 75 நாள் முன்பே நோட்டீஸ் அனுப்பியிருப்பார்கள். மருத்துவ ஆவணங்களை விசாரணைக்கு 5 வேலை நாள் முன்பே சேர்த்துவிட வேண்டும். இன்னும் கைக்கு வராதவை இருந்தால், இன்ன ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்று அதே கெடுவுக்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தவறவிட்டால் நீதிபதி ஏற்க மறுக்கலாம். கோப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி, எந்த டாக்டரின் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். “இவர் வேலை செய்ய இயலாதவர்” என்று டாக்டர் ஒரு வரி எழுதித் தருவதால் பயனில்லை, அந்த முடிவு டாக்டருடையது இல்லை. எவ்வளவு நேரம் உட்காரலாம், எவ்வளவு தூக்கலாம், மாதம் எத்தனை நாள் வர முடியாமல் போகும் என்று அவர் எழுதி, அதற்கு ஸ்கேனையும் பரிசோதனையையும் ஆதாரம் காட்டினால் மதிப்பு உண்டு.

தொழில் நிபுணர் பேசும்போது தூங்கிவிடாதீர்கள். “இப்படி ஒரு ஆள் இருந்தால் வேலை கிடைக்குமா?” என்று நீதிபதி அவரிடம் கேட்பார். பிறகு உங்கள் தரப்பும் கேட்கலாம்: “அதே ஆள் மாதம் மூன்று நாள் வராவிட்டால்?” பெரும்பாலும் “வேலை இல்லை” என்றுதான் பதில் வரும். இந்த ஒரு கேள்விக்காகவே வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பேன். வழக்கமான ஒப்பந்தத்தில் ஜெயித்தால்தான் கட்டணம், அதுவும் உங்களுக்குச் சேர்ந்து வரும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு, 2024 நவம்பர் இறுதியில் அது 9,200 டாலர் ஆனது. ஆவணம் வாங்கும் செலவு தனி.

அன்றைக்கு வலி வந்தால் அனுமதி கேட்டு எழுந்து நிற்கட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தீர்ப்பு பெரும்பாலும் பிறகு தபாலில்தான் வரும். அதுவரை டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள். சாதகமாக இல்லாவிட்டால், கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அப்பீல்ஸ் கவுன்சிலுக்கு (நீதிபதியின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் குழு) போகலாம். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி தேவைப்படலாம்.