132 கிலோவோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் எவ்வளவு தூரம் தள்ளி வேலை செய்ய வேண்டும்?

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் கிடங்குக் கூரையில் விளக்கு மாட்டும் வேலை, பக்கத்தில் 132 கிலோவோல்ட் கம்பி, எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொட்டால்தான் ஷாக் அடிக்கும் என்பது வீட்டு மின்சாரத்துக்குச் சரி. இங்கே தொடவே வேண்டாம், காற்று வழியாகவே பாயும். சீரான மின்புலத்தில் காற்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட் தாங்கும். கூரான முனை இருந்தால் இன்னும் குறைவு. அப்படியென்றால் சில பத்து சென்டிமீட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் அலுமினிய ஏணி சாயும், கையிலுள்ள பைப் திரும்பும், வெயிலிலும் மின்சுமையிலும் கம்பி தொய்யும், காற்றில் ஆடும். அதனால்தான் விதிகள் மீட்டர் கணக்கில் பேசுகின்றன. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் கிரேனுக்கு 50 கிலோவோல்ட் வரை சுமார் 3 மீட்டர், அதற்கு மேல் 200 வரை 4.6 மீட்டர்; தொங்கும் சுமையும் அதில் அடக்கம்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கூரை ஏறாதீர்கள். அந்தக் கம்பிக்கான தூரத்தை மலேசிய மின் நிறுவனமான தெனாகா நேஷனலிடம் எழுத்தில் வாங்குங்கள். வயர்மேன் சான்றிதழ் இங்கே செல்லாது, அது குறைந்த அழுத்தத்துக்குத்தான்.

அப்புறம், "லைனை நிறுத்தியாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். சோதித்து, எர்த் போட்ட பிறகே நெருங்கலாம். பக்கத்து லைன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திய கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படும்.