வரைந்த படம் ஓடுமா?

கேள்வி: காலேஜில் யூஎம்எல் (சாஃப்ட்வேரின் அமைப்பை வரைந்து காட்டும் மொழி) படம் போட்டு மார்க் வாங்கினோம். வேலைக்கு வந்து பார்த்தால், படத்தில் இருக்கும் கோட்டுக்கும் நாங்கள் எழுதும் புரோகிராம் கோடுக்கும் சம்பந்தமே இல்லை. படத்தையே ஓட வைக்கும் மொழிகள் இருக்கின்றனவாமே, நிஜமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிஜம்தான், புதிதும் இல்லை. ஒரு சிஸ்டம் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்று காட்டும் ஸ்டேட்சார்ட் படம் பற்றி, கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல் எழுதியது 1987-ல். சாஃப்ட்வேர் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 1997-ல் யூஎம்எல்லை ஏற்றுக்கொண்டபோது அது முக்கியமாக வரைவதற்கான மொழி. வரைந்ததை ஓட்டினால் துல்லியமாக என்ன நடக்கவேண்டும் என்பதைப் பல இடங்களில் அது சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் எஃப்யூஎம்எல் என்ற வரையறை வந்தது, அப்புறம் அதைப் படமாக இல்லாமல் எழுத்தில் எழுத ஆல்ஃப் என்ற மொழி.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது அம்பிள் (Umple) என்ற மொழி. கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் டிமதி லெத்பிரிட்ஜ் குழு உருவாக்கியது. இதில் மாடலும், அதாவது படம் சொல்லும் அமைப்பும், எழுத்துதான், ஜாவா மெத்தடுக்குப் பக்கத்திலேயே, அதே ஃபைலில் உட்கார்ந்திருக்கும். ஒரு வழிகாட்டி, அவரிடம் பல மாணவர்கள் என்று வையுங்கள். கையால் எழுதினால் மாணவரைப் புது வழிகாட்டியின் லிஸ்டில் சேர்க்கவேண்டும், மாணவரிடம் வழிகாட்டியை மாற்றவேண்டும், பழையவரின் லிஸ்டிலிருந்து பெயரை எடுக்கவேண்டும். மூன்றாவதை ஒரு தடவையாவது மறக்காத புரோகிராமரை நான் பார்த்ததில்லை, கண்ணாடியிலும் சேர்த்துத்தான். அம்பிளில் இது ‘1 மென்டார் -- * ஸ்டூடன்ட்’ என்று ஒரே வரி (* என்றால் பல). அந்த மூன்று வேலைக்கும் வேண்டிய ஜாவாவை அதுவே எழுதிவிடும், கேட்டால் அதே வரியிலிருந்து படத்தையும் போட்டுக்காட்டும். அம்பிளை ஜாவாவாக மாற்றும் கம்பைலரே அம்பிளில் எழுதப்பட்டதுதான், அதனால் வெறும் வகுப்பறைப் பொம்மை என்று தள்ளிவிட முடியாது.

தொல்லையும் உண்டு. பிழை தேடும்போது டிபக்கர் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது, நீங்கள் எழுதாத ஜாவாவில். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அவசரத்துக்கு அந்த ஜாவாவிலேயே கைவைத்தீர்களோ, அடுத்த கம்பைலில் போச்சு, அம்பிள் ஃபைலில்தான் திருத்தவேண்டும். டீமில் ஒருவருக்கு மட்டும் இது தெரிந்திருப்பதும் ஆபத்துதான், அவர் லீவு போட்டால் தெரியும்.

மொத்த சிஸ்டத்தையும் மாற்றப் போகாதீர்கள். ‘பணம் வந்தாச்சு’, ‘அனுப்பியாச்சு’, ‘ரத்து’ என்று நாலைந்து பூலியனும் (ஆம்/இல்லை மட்டும் சொல்லும் மாறி) முடிவில்லாத இஃப்-எல்ஸுமாக ஓர் ஆர்டர் கிளாஸ் உங்களிடமும் கட்டாயம் இருக்கும். அதை மட்டும் அம்பிளில் ஸ்டேட் மெஷினாக, அதாவது என்னென்ன நிலைகள், எது நடந்தால் எந்த நிலைக்குப் போகும் என்று எழுதிப் பாருங்கள். அம்பிள் ஆன்லைன் (UmpleOnline) என்ற தளம் பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம்.